கிழக்கே வைத்த பை

பக்கத்து வீட்டுச் சாம்பசிவன் குடும்பத்தில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், ஆளுக்கு முன்னால் அவர்களுடைய பை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்துப் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். பை கிளம்பிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். அதற்கப்புறம் பை வீட்டுக்குத் திரும்பக்கூடாது, அதை யாரும் திறக்கவும் கூடாது. சேலையூரில், காம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில், அவர்கள் வீட்டுக்குக் கிழக்கே இருப்பது நாங்கள்தான். "ஏம்ப்பா, நாங்க வேதக்காரங்களாச்சே, பரவாயில்லையா?" என்று ஒரு தடவை சாம்பசிவனிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அதனாலதான்யா வசதி. உங்க வீட்டுக்கு ராகு காலமே கிடையாது" என்றான்.

அப்படிப் பதினைந்து வருஷமாக, கூடத்தில் மாட்டியிருக்கும் ஏசு படத்துக்கு நேர் கீழே, திருப்பதிக்கும் திருச்செந்தூருக்கும் போகிற பைகள் எல்லாம் ஒரு ராத்திரி தங்கிப் போயிருக்கின்றன. நானும் ஒரு பைக்கும் பங்கம் வரவிட்டதில்லை. நான் ஒரு கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளன். கண்ணாடிக் குடுவைகளைக் காலமெல்லாம் உடையாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு பையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்கிற மமதை எனக்கு நிறையவே உண்டு. இந்தக் கதையில் அந்த மமதைதான் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது.

கதை சாம்பசிவனின் மனைவி காந்திமதியைப் பற்றியது. காந்திமதிக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். கேலிக்காகச் சொல்லவில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்தாள். தாம்பரத்தில் மெப்ஸ் என்று எல்லோரும் சொல்கிற ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனி. வெளிநாட்டுப் பெண்கள் போட்டுக்கொள்ளும் நீச்சல் உடைகளைத் தைத்துக் கப்பலில் அனுப்புகிறவர்கள். அங்கே காந்திமதி செக்கிங் பிரிவில் இருந்தாள். ட்யூப்லைட்டுக்குக் கீழே மேஜை. ஒவ்வொரு உடையையும் உள்புறம் திருப்பி, இழுத்து, தையலை விரலால் தடவி, கோணல் இருந்தால் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். பத்து வருஷமாக இதே வேலை. அதனால் தெருவில் யாரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவள் எதிரில் நிம்மதியாகப் போக முடியாது. ஈஸ்டர் அன்று சர்ச்சுக்குக் கிளம்பிய என்னை வாசலில் நிறுத்தி, "அண்ணா, காலர் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல. தைச்சவன்கிட்ட திருப்பிக் குடுங்க" என்றாள். அன்றைக்குப் பிரசங்கம் முழுக்க என் கை காலரிலேயே இருந்தது.

தொண்ணூற்று நாலாம் வருஷம் மே மாதம் அந்தக் கம்பெனி ஒரு பெரிய ஆர்டரை முடித்தது. போன சரக்கில் ஒரு உடைகூடத் திரும்பி வரவில்லை. சந்தோஷப்பட்ட பையர், அதாவது சரக்கை வாங்கிய வெளிநாட்டுக்காரன், செக்கிங்கில் யார் என்று விசாரித்து, காந்திமதிக்கு ஒரு கூப்பன் கொடுக்கச் செய்தான். கோவளத்துப் பக்கம் கடலோரமாக நீச்சல் குளம் வைத்த ஒரு ஹோட்டலில், இரண்டு பேருக்கு இரண்டு ராத்திரி தங்கல். கூப்பனின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம்தான் கொண்டுவந்தாள். குளத்தில் இறங்குகிறவர்கள் நீச்சல் உடைதான் அணிய வேண்டும், புடவை, வேட்டி, பேண்டோடு இறங்க அனுமதி கிடையாது என்று போட்டிருந்தது.

படித்துச் சொன்னதும் அவள் முகம் வாடும் என்று பார்த்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது.

"அப்பிடிப் போட்டிருக்கிறதுதான் நல்லது அண்ணா" என்றாள்.

காந்திமதி அனகாபுத்தூர்ப் பெண். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் மூன்று அண்ணன்களோடு போட்டி போட்டு நீந்தி, மூன்று பேரையும் தோற்கடித்தவள். இருபது வயதில் கல்யாணம். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷமாக அவள் பார்த்த தண்ணீர் எல்லாம் குடத்திலும் வாளியிலும்தான். சாம்பசிவனுக்கோ தண்ணீர் என்றாலே ஆகாது. ரயில்வே பணிமனையில் இன்ஜினுக்கு அடியில் பயமில்லாமல் படுத்து வேலை பார்க்கிறவன், கோயில் குளத்தில் முதல் படியிலேயே நின்று தலையில் மூன்று கை தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவான். தானும் இறங்கமாட்டான், அவளையும் இறங்க விட்டதில்லை.

இரண்டு நாள் கழித்து காந்திமதி என் மனைவி செல்லம்மாவை மட்டும் கூப்பிட்டு ஒரு நீச்சல் உடையைக் காட்டியிருக்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். செல்லம்மா பத்து நிமிஷம் தாக்குப்பிடித்து, பிறகு என்னிடம் சொன்னாள். கம்பெனியில் கழித்துப் போட்ட உடைகளிலிருந்து கருநீலத்தில் ஒன்றை அனுமதி கேட்டு வாங்கி வந்து, அதே துணியில் கையும் தொடைவரை தொங்குகிற சின்னப் பாவாடையும் வைத்து, சாம்பசிவன் ஷிப்டில் இருந்த நேரங்களில் காந்திமதியே தைத்திருக்கிறாள்.

"அவருக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரிஞ்சா விடுவாரா? குளத்தங்கரைக்குப் போய் நிக்கிறவரைக்கும் சொல்லப் போறதில்லையாம். பத்து வருஷமா ஊர்ல இருக்கிறவளுக்கெல்லாம் பார்த்து அனுப்பிட்டேன், ஒருதரம் நான் போட்டுக்கிட்டு நீந்தணும்கிறா. பார்க்கவே ஆசையா இருந்துச்சுங்க."

எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷமே நான் காந்திமதி கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை கிளம்ப வேண்டும். சனிக்கிழமை கிழக்கே சூலம். கோவளம் கிழக்கா தெற்கா என்று நான் ஒரு சந்தேகத்தைக் கிளப்பிப் பார்த்தேன். "கடல் எந்தப் பக்கம் இருக்கு? கிழக்கு. முடிஞ்சுது" என்றான் சாம்பசிவன். கிழக்கே சூலமென்றால் தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும் என்று காலண்டரிலேயே அச்சடித்திருக்கிறது. சாம்பசிவனுக்குத் தயிர் போதாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பை வெளியேறிவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று மத்தியானம் பை அடுக்குவதைப் பார்க்கப் போயிருந்தேன். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் சேலையூர் வெயில் போதாதென்று கோவளத்து வெயிலுக்குக் கிளம்புகிறவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாம்பசிவன் தன் பங்குக்குக் கட்டில்மேல் குவித்து வைத்திருந்தான். இரண்டு டார்ச், ஒரு குடை, பிளாஸ்டிக் மக்கு, கொடிக்கயிறு, ஒரு ஸ்வெட்டர்.

காந்திமதி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து விசாரித்தாள். "நீ எதுக்கு வர்ற?" என்று இரண்டாவது டார்ச்சைக் கேட்டாள். கழித்துவிட்டாள். ஸ்வெட்டரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் கணவனைப் பார்த்தாள்.

"கடல் காத்து" என்றான் சாம்பசிவன்.

"மே மாசத்துக் காத்துக்கு ஸ்வெட்டரா? ஓட்டல்காரன் நம்மள ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவங்கன்னு நினைச்சுக்குவான்."

கடைசியில் எல்லாம் ஒரே பையில் அடங்கியது. கையில் இன்னொரு சில்லறைப் பை தொங்கக்கூடாது என்பது அவள் சட்டம். துணிகளை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பட்டையாக மடித்து, ஓரங்கள் சேர்ந்தபடி அடுக்கியிருந்தாள். ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக மடிந்து நடுவில் இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

பிறகு வாசலில் என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "செல்லம்மா சொல்லியிருப்பாங்க, தெரியும். உங்க வீட்டுக்கு வந்துட்டா அப்புறம் யாரும் அதைத் திறக்க முடியாது இல்ல அண்ணா? அவரு போட்ட ரூல்தானே."

"என்னைத் தாண்டி ஒருத்தன் கை வைக்க முடியாது" என்றேன். வாய்க்கொழுப்பு.

ஐந்து மணிக்குச் சாம்பசிவன் பையில் மஞ்சள் வைத்து, கிழக்கே பார்த்து நடந்து வந்து, வழக்கமான இடத்தில் இறக்கினான். "யாரும் தொடக்கூடாது, திறக்கக்கூடாது" என்று வழக்கம்போல் சொல்லிவிட்டுப் போனான்.

ஆறரை மணிக்குத் திரும்பி வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை சுருட்டியபடி இருந்தது.

"யேசு, அதை ஒரு நிமிஷம் திறக்கணும்" என்று என் பெயரைச் சொல்லி ஆரம்பித்தான்.

எனக்குத் திக்கென்றது. தெரிந்துவிட்டது, உடையை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு?"

"ஒரு வேலை இருக்கு. திறய்யா."

"பரஸ்தானம் வச்ச பையைத் திறக்கலாமா? நீ சொன்னதுதானே."

"நான் சொன்னதுதான். ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷமும் கிடையாது. நாளைக்குப் பயணத்துல ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். அவன் சட்டத்தை அவன் மீதே திருப்பியதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்நேரம் பார்த்துச் செல்லம்மா காப்பியோடு வந்தாள். அவளைக் கண்டதும் மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, காப்பியும் குடிக்காமல் போய்விட்டான்.

காலையில் ஆறு மணிக்கு மறுபடியும் வந்தான். நான் பைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"யேசு, நான் சொல்றதைக் கேளு. அவளுக்குத் தெரியக்கூடாது."

"தெரியாது. ஏன்னா பையைத் திறக்கப் போறதில்லை."

அவன் காது மடல் சிவந்துவிட்டது. கோபம் என்று நினைத்தேன். அதற்குள் வாசலில் காந்திமதியின் குரல் கேட்டது. "கிளம்பலாமா? அண்ணா, பை பத்திரமா?" சாம்பசிவன் சட்டென்று எங்கள் வாசற்கதவுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ போட்டான். பிறகு தோளில் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் நடந்தான். காந்திமதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். அன்று காலை என்னைவிடத் திருப்தியாக இட்லி சாப்பிட்டவன் தாம்பரத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

பத்து மணி வாக்கில் பெருக்கிக்கொண்டிருந்த செல்லம்மா கதவுக்குப் பின்னாலிருந்து அந்த மஞ்சள் பையை எடுத்து வந்தாள். உள்ளே நியூஸ்பேப்பர் பொட்டலம். பிரித்தேன். கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஆம்பளை நீச்சல் ஜட்டி ஒன்று, கடைச் சீட்டு இன்னும் கிழியாமல், மடிப்புக் கலையாமல் இருந்தது.

நானும் செல்லம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"எடுக்க வரலைங்க. வைக்க வந்திருக்கார்" என்றாள் செல்லம்மா.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. படியில் நின்று மூன்று கை தெளித்துக்கொள்கிறவன், மனைவியோடு குளத்தில் இறங்குவதற்காகக் கூச்சத்தை விட்டுக் கடைக்குப் போய் இதை வாங்கியிருக்கிறான். இன்னொரு பை எடுக்கக்கூடாது என்ற வீட்டில் இதை வேறெங்கே ஒளிப்பான்? செல்லம்மா முன்னால் சொல்ல வெட்கம், காந்திமதி முன்னால் காட்ட வெட்கம். இரண்டு தடவை வாசலுக்கு வந்தவனை நான் சட்டம் பேசித் துரத்தியிருக்கிறேன்.

"நான் போய்க் கொடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

"கோவளத்துக்கா? இந்த வெயில்லயா?"

"நான் பண்ணின வேலை. நானே சரிபண்றேன்."

சாப்பிட்டுவிட்டு, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு டி.வி.எஸ். மொபெட்டில் கிளம்பினேன். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டித் தெற்கே திரும்பினால் சிறுசேரிப் பக்கமெல்லாம் முள்ளுக்காடு, ஒதுங்கி நிற்க ஒரு டீக்கடை கிடையாது. கேளம்பாக்கத்து உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. வண்டி இரண்டு இடத்தில் நின்றது, உதைத்தேன், ஓடியது. ஒரு இடத்திலும் திரும்பிவிடலாம் என்று தோன்றவில்லை. சேர்த்துவிடுவேன் என்று நிச்சயமாக இருந்தேன்.

ஹோட்டல் வாசலில் காவலுக்கு நின்றவன் பெயர் வடிவேலு, பக்கத்துக் குப்பத்து ஆள். "இன்னா சார், யாரப் பாக்கணும்?" என்று வழிமறித்தான். பெயரும் அடையாளமும் சொன்னேன்.

"அவுங்களா? கொளத்தாண்ட குந்திகினு கீறாங்க சார். ஒரு மணி நேரமா ரெண்டு பேரும் தண்ணியவே பாத்துகினு கீறாங்க. எறங்கவும் இல்ல, பேசவும் இல்ல. வூட்ல எதுனா பேஜாரா?"

"பேஜார் என்னாலதான். உள்ள விடுப்பா."

அவன் என் முகத்தைப் பார்த்தான், தலையில் கட்டிய துண்டைப் பார்த்தான், கேட்டைத் திறந்துவிட்டான்.

நீலமாகக் கிடந்தது குளம். ஓரத்தில் ஒரு குடை, அதன் கீழே இரண்டு நாற்காலி. ஒன்றில் சாம்பசிவன், வேட்டி சட்டையோடு. இன்னொன்றில் காந்திமதி, மெல்லிய வாயில் புடவையில், அந்தத் தடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு. என்னைக் கண்டதும் இருவரும் எழுந்துவிட்டார்கள்.

"அண்ணா! என்ன ஆச்சு? செல்லம்மா நல்லா இருக்காங்களா?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க. நீ ஏம்மா இறங்கல?"

அவள் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இறங்கணும்னுதான் வந்தேன்" என்றாள். "காலையிலிருந்து இவரு ஒரு வார்த்தை பேசலண்ணா. பஸ்லயும் பேசல, சாப்பிடறப்பவும் பேசல. தெரிஞ்சிடுச்சு, புடிக்கலன்னு நினைச்சேன். புடிக்காம உட்கார்ந்திருக்கிறவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு என்னத்தை நீந்தறது? பரவாயில்ல, பார்த்தாச்சு, போதும்."

காந்திமதி போதும் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "அவன் ஒண்ணும் சொல்லல தாயே. தப்பு என்னோடது" என்று சொல்லி, மஞ்சள் பையை அவள் கையிலேயே கொடுத்தேன். சாம்பசிவன், "யோவ், யோவ்" என்று குறுக்கே வந்தான். அவள் அதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள்.

அதை உள்புறம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றான் சாம்பசிவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "நீ அந்த நீலத் துணிக்குக் கை வச்சுத் தைச்சுக்கிட்டு இருந்தே பாரு, அன்னைக்கே பார்த்துட்டேன். ஷிப்ட் மாறி சீக்கிரம் வந்தேன். ஜன்னல் வழியா பார்த்துட்டு, சத்தம் போடாம டீக்கடைக்குப் போயிட்டேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ நிறுத்திடுவே. நீ உள்ள இருக்கறப்ப நான் மட்டும் கரையில உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்னு மறுநாள் இதை வாங்கினேன். வாங்கிட்டு வந்த நாளா ஒளிச்சு வைக்க இடம் தேடறேன். இந்த ஆளு பையைத் திறக்க விடல."

காந்திமதி என்னைப் பார்த்தாள். நான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"போய் மாத்திக்கிட்டு வாங்க" என்றாள்.

அவள்தான் முதலில் வந்தாள். கருநீலத்தில், முழங்கைவரை கையும் சின்னப் பாவாடையுமாக, யாரைப் பற்றியும் கவலைப்படாமல், மெப்ஸில் தன் மேஜைக்கு நடந்து போகிறவள் மாதிரி நேராக நடந்து வந்து, ஓரத்தில் நிற்காமல் அப்படியே குதித்தாள். எங்கே போனாள் என்று நான் தேடுவதற்குள் குளத்தின் நடுவில் தலை வந்தது. கை மாற்றிக் கை போட்டு எதிர்க்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். இருபத்தாறு வருஷம் அவள் உடம்பு அதை மறக்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பிறகு சாம்பசிவன் வந்தான், இடுப்பில் துண்டைச் சுற்றிக்கொண்டு. துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு ஏணிக்குப் போனான். இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினான், இரண்டு படி இறங்கினான். மூன்றாவது படியில் தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றுவிட்டான். மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

காந்திமதி நீந்தி வந்து ஏணிக்குக் கீழே நின்றாள். தண்ணீர் அவள் மார்பளவுக்கு இருந்தது. இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டினாள்.

"விடுங்க. நான் இருக்கேன் இல்ல."

சாம்பசிவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு கையாகக் கம்பியை விட்டான்.